நீல மெழுகு

ஓட்வாரின் பனிச்சறுக்கு ஊன்றுகோலை நான் வேண்டுமென்று உடைக்கவில்லை. இதை யாரும் நம்பப் போவதில்லை. நானே வேடிக்கை பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன். பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கி வெடித்து அறுபது அடிகூடப் போகவில்லை. முன்னால் போன அவனை எட்டிப் பிடிக்கும் வெறியில் குறுக்கே பாய்ந்து விழுந்தேன். என் தொண்ணூற்றாறு கிலோவும், எல்லோரும் கட்டாயம் சுமக்க வேண்டிய மூன்றரைக் கிலோ முதுகுப்பையும் (என்னுடையதில் உருளைக்கிழங்கு) அவன் இடக்கைக் கோலின் மேல் போய் உட்கார்ந்தன.

"வேணும்னே பண்ணுனியாடா, ஸ்டைனார்?"

"சறுக்கிடுச்சு."

"மூணு வருஷமா பேசாதவன், சரியா என் கோல் மேலதான் சறுக்குற."

மாற்றுக் கோல் கொடுக்கும் கூடாரம் பதினான்காம் கிலோமீட்டரில். பந்தயம் மொத்தம் ஐம்பத்து நான்கு. இந்தக் குளிர்காலத்தில் நான் ஸ்கீ பலகை கட்டியது நான்கே தடவை. "அதுல ரெண்டு தடவ பால் வாங்கப் போனது" என்பாள் என் மனைவி குன்வோர். இரண்டு கோலோடு போகிற ஓட்வாரின் முதுகைக்கூட என்னால் பார்க்க முடியாது. ஒற்றைக் கோல் ஓட்வாரோடு ஒட்டிக்கொள்ளலாம். பழிவாங்க வந்தவனுக்கு அதிர்ஷ்டம் இப்படியும் வரும்.

மூன்று வருடத்துக்கு முன், இதே பந்தயத்தின் காலையில், "இன்னைக்கு என்ன மெழுகு?" என்று அவனிடம் கேட்டேன். சறுக்காமல் பிடிக்கப் பலகையின் அடியில் எந்த நிற மெழுகு தேய்ப்பது என்று பனியை விரலால் தொட்டே சொல்லிவிடுவான். "நீலம்" என்றான். நீலம் உலர்ந்த குளிர்பனிக்கு. அன்று கிடந்தது ஈரப்பனி. பிசின் மாதிரி ஒட்டுகிற சிவப்புப் பசை வேண்டும். முதல் ஏற்றத்திலேயே பலகை பிடிக்காமல் பின்னோக்கிச் சறுக்கினேன். ஊரே காப்பியும் சாசேஜுமாக ஓரத்தில் நின்று பார்த்தது. நான் பின்பக்கமாக இறங்கும் படம் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. நார்வேயில் ஒருவன் வரியில் பொய் சொல்லலாம், பிடித்த மீனின் நீளத்தில் சொல்லலாம். மெழுகில் சொல்வதில்லை. அந்த வாரம் முழுக்கக் கேட்டேன். "பனி மாறிடுச்சுடா" என்பதுதான் பதில். அதோடு பேச்சு நின்றது. தப்புக் கணிப்பா, துரோகமா? இருபது வருட நட்பை எதன் பெயரால் புதைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

இன்று அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, காப்பி குடித்தபடி அவனை வரவேற்பது என் திட்டம். பயிற்சி மட்டும்தான் திட்டத்தில் இல்லை.

பதின்மூன்றாம் கிலோமீட்டரில் ஏற்றம். நுரையீரல் தொண்டை வரை வந்துவிட்டது. மேலே கூடாரம் தெரிந்தது. புதுக் கோல் கைக்கு வந்தால் அவன் போய்விடுவான். அதற்குள் கேட்டாக வேண்டும். வாயைத் திறப்பதற்குள் அவன் கோல் வழுக்கியது. பின்னோக்கி வர ஆரம்பித்தான். மூன்று வருடமாக ராத்திரிப் படுக்கையில் நான் கற்பனை செய்து ரசித்த காட்சி. ஒதுங்கி நின்று கைதட்டியிருக்க வேண்டும். என் பாழாய்ப்போன கை, கோலை அவன் பலகைக்குப் பின்னால் குத்தி நிறுத்தியது.

"விட்ருக்கலாம்ல," என்றான் திரும்பாமல்.

"விட்ருக்கணும். சொல்லு, அன்னைக்கு உனக்குத் தெரியுமா?"

"குடும்பச் சண்டைய ஓரமா வச்சுக்கங்கப்பா," என்று ஒரு பெண் எங்களைச் சுற்றிக்கொண்டு ஏறினாள்.

"பனி..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். நான்கைந்து முறை மூச்சு வாங்கினான்.

"தெரியும். தொட்ட உடனே தெரியும், ஈரம்னு. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை பயிற்சியில நீ என்னைத் தாண்டிப் போன. இருபது வருஷத்துல மொத தடவ. திரும்பிப் பார்த்துச் சிரிச்ச பாரு, அதான் நீலம்னேன்."

அவன் முழு எடையும் இன்னும் என் கோலின் மேல்தான் இருந்தது. அது வில்லாக வளைந்து, பனிக்குள் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.