இல்லாத போர்டு

இடது கையால் ஈரப் பஞ்சை அம்மாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டே, வலது கையை எட்டி நீட்டி மடிக்கணினியில் எண்டரைத் தட்டினான் சின்னவன். திரை கறுத்தது. கறுத்தது கறுத்தபடியே இருந்தது. ஒரு எழுத்து, ஒரு புள்ளி? ம்ஹூம். திங்கட்கிழமையிலிருந்து இதே கதைதான். இன்று வியாழன்.

"எழுந்திரிச்சுதா?" என்றாள் அம்மா. அதைக் குரல் என்று சொல்ல முடியாது, காற்றுதான் வந்தது.

"இல்லம்மா."

"சோம்பேறி," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். திட்டியது கணினியையா தன்னையா என்று அவனுக்குத் தெரியவில்லை. இருபத்தாறு வருடம் பள்ளிக்கூட வண்டியில் ஆயாவாக நின்றபடியே போய்வந்து, நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்காரவைத்தவள். அந்தத் தொண்டையில் இப்போது ஒரு ஸ்பூன் தண்ணீர் இறங்கக் கால் மணி நேரம் ஆகிறது.

அவனுக்கு வேலை ஒரு லிஃப்ட் கம்பெனியில். லிஃப்டை ஓட்டுகிற போர்டுக்கு நிரல் எழுதுவது. அதிலும் பூட்லோடர் அவன் தலையில் விழுந்திருந்தது. மின்சாரம் வந்ததும் முதலில் விழித்து, மற்ற எல்லாவற்றையும் தட்டி எழுப்புகிற சின்ன நிரல் அது. நிஜ போர்டு பத்து மணி நேர ரயில் பயணத்துக்கு அந்தப் பக்கம், ஆபீஸ் லேபில் இருந்தது. அவனிடம் இருந்தது எமுலேட்டர்தான். மடிக்கணினிக்குள்ளேயே அப்படியொரு போர்டு இருப்பதாகப் பாவனை செய்கிற மென்பொருள். செவ்வாய்க்கிழமை இதை அம்மாவுக்கு விளக்கப்போய் மாட்டிக்கொண்டான்.

"அப்ப அந்த போர்டு இல்லவே இல்ல?"

"இல்லம்மா. இருக்கற மாதிரி."

"இல்லாத ஒன்னு எழுந்திரிக்கலன்னு ரெண்டு நாளா தலையப் பிச்சுக்கற. நல்ல பொழப்புடா!"

அக்காகூடச் சிரித்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை அம்மாவால் அவ்வளவு நீளமாகப் பேச முடிந்தது.

லீவெல்லாம் தீர்ந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. மேலதிகாரி கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார். "எமுலேட்டர்ல பூட்லோடர் ஓடி, கமாண்ட் வரி வரைக்கும் வந்துட்டா போதும். நிஜ போர்டை இங்க இருக்கறவங்க பாத்துப்பாங்க, நீங்க இன்னும் ஒரு வாரம் வீட்லயே இருங்க. வரலைன்னா வெள்ளிக்கிழம காலைல நீங்க லேப்ல இருந்தாகணும். என்னால வேற ஒன்னும் பண்ண முடியாது. வியாழன் மூணு மணிக்கு எனக்குக் காட்டுங்க," என்றிருந்தார். 

அந்த ஒரு வாரத்தைத்தான் அவன் கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸ், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, இந்த வாரம் தாண்டுவது கஷ்டம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ரயில் மாலை ஆறரைக்கு. அக்கா அவன் பையை எடுத்துவைத்துவிட்டாள். வாயைத் திறக்காமல் எடுத்துவைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

மேசை சுவரோரம் கிடந்தது. கட்டில் அவன் முதுகுக்குப் பின்னால். அம்மா ஏதாவது சொல்வாள், இவன் "ம்" என்பான். "சின்னவனே, நாலாவது படிக்கிறப்ப என் வண்டியில ஏறவே மாட்டேன்னு அடம் பிடிச்சியே, ஏன்டா?" என்று நேற்று கேட்டாள். பழைய விஷயம், இத்தனை வருடத்தில் ஒரு தடவையும் கேட்டதில்லை. "ஒரு நிமிஷம்மா," என்றான். அந்த நிமிஷம் முடிவதற்குள் அவள் தூங்கிப்போனாள்.

மணி ஒன்று அடித்தது. நிரல் தொடங்கும் முகவரியை மாற்றிப் பார்த்தான். நினைவகத்தின் அளவை மாற்றிப் பார்த்தான். தலைகீழாக நிற்காத குறைதான். கிணற்றில் போட்ட கல்லாகவே கிடந்தது திரை. பொத்துக்கொண்டு வந்தது கோபம். மேசையைக் குத்தப்போனவன், அம்மா திடுக்கிடுவாளே என்று தொடையில் குத்திக்கொண்டான்.

"சாப்பிட வாடா," என்றாள் அக்கா.

"வேணாம்க்கா."

"நீயும் படுத்துட்டா ரெண்டு பேரையும் புரட்டிப்போட எனக்குத் தெம்பில்ல. இந்தா."

தட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டுப் போனாள். சோறு ஆறிப்போயிருந்தது. அள்ளி வாயில் போட்டுக்கொண்டே, போர்டின் அமைப்பை எழுதிவைத்திருந்த கோப்பைச் சும்மா மேலிருந்து கீழே ஓட்டினான். பாதியில் கை நின்றது.

அந்த போர்டு வெளியே பேச இரண்டு வாசல்கள், சீரியல் போர்ட்கள், உண்டு. முதல் போர்ட்டை லிஃப்ட் கதவின் சென்சாருக்கு ஒதுக்கிவிட்டு, பூட்லோடரின் பேச்சை இரண்டாவதற்கு மாற்றியவன் சாட்சாத் அவனேதான், திங்கட்கிழமை காலையில். எமுலேட்டரோ, தனியாகக் கேட்காவிட்டால் முதல் போர்ட்டில் வருவதை மட்டும்தான் திரையில் காட்டும். அது பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இவன்தான் வேறு பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையாலேயே இரண்டாவது போர்ட்டுக்கும் ஒரு சன்னல் திறக்கும்படி கட்டளையில் சேர்த்தான். எண்டர். பொலபொலவென்று எழுத்துகள் கொட்டின. பதிப்பு எண், நினைவக அளவு, இன்னும் ஏதேதோ, கடைசியில், அடுத்த கட்டளைக்குக் காத்து நிற்கிற கமாண்ட் வரி.

மூன்று நாளாகச் செய்த திருத்தங்களில் எது பலித்தது என்று தெரிய வேண்டுமே. திங்கட்கிழமை எடுத்துவைத்த முதல் பிரதியை, எதையும் தொடாமல் ஓட்டிப் பார்த்தான். அதுவும் ஓடியது. ஒரு குறையும் இல்லாமல் அதே வரியில் வந்து நின்றது.

அடப்பாவி! திங்கட்கிழமை பதினோரு மணிக்கே வேலை முடிந்திருக்கிறது. செவ்வாயும் புதனும், அம்மா பேசிக்கொண்டிருந்த நாட்கள், முழித்திருக்கிற ஒன்றை எழுப்புவதில் போய்விட்டன. தட்டை அப்படியே கீழே வைத்தான்.

மூன்று மணிக்கு மேலதிகாரியிடம் காட்டினான்.

"பிரமாதம்! எங்க மாட்டியிருந்துச்சு?"

"சின்ன விஷயம் சார்."

"சின்னதுதான் உயிர வாங்கும். சரி, ரயில கேன்சல் பண்ணிடுங்க. அடுத்த வியாழன் வரைக்கும் அம்மாவப் பாத்துக்கங்க."

நன்றி சொல்லிவிட்டு மடிக்கணினியை மூடினான். திரும்பி, "போகலக்கா. ஒரு வாரம் இருக்கேன்," என்றான். அக்கா பையைத் திறந்து, அவன் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள்.

நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அம்மா, எழுந்திரிச்சிருச்சும்மா."

"யாரு?"

"அந்த இல்லாத போர்டு."

அம்மாவின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்புதான் அது. "அப்பாடா. இப்பவாவது மூஞ்சியக் காட்டினியே."

"இனிமே ஒரு வாரம் உன்கூடதான். என்ன வேணாலும் கேளு, சொல்றேன்."

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கண்ணு செவந்து கெடக்கு," என்றாள். அவன் மெத்தையின் விளிம்பில், அவள் கைக்குப் பக்கத்தில், நெற்றியைச் சாய்த்தான். ஒரு நிமிஷம்தான் என்று நினைத்தான்.

விழித்தபோது வெயில் தரையிலிருந்து ஏறிச் சுவரைத் தொட்டிருந்தது. தலை கனத்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"எப்பக்கா?"

"அரை மணி நேரம் ஆச்சு."

"ஏன்க்கா என்ன எழுப்பல?" அவன் போட்ட சத்தம் அவனுக்கே பயமாக இருந்தது.

"மூச்சு மாறுன உடனே எழுப்பத்தான்டா வந்தேன். அம்மாதான் வேணாம்னுட்டாங்க. தூங்கட்டும், மூணு நாளா முழிச்சிருக்கான்னு..." அக்கா நிறுத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மெதுவா கைய நகத்தி உன் தலையில வச்சாங்க. அப்புறம் எடுக்கல."

தலையில் கனப்பது என்ன என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"யாருக்காவது சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாதக்கா. கொஞ்ச நேரம்."

அக்கா எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவன் அசையவில்லை. அசைந்தால் கை சரிந்துவிடும்.