எந்த அடி?

கேரி மடிக்கணினியை என் மேசையில் வைத்தான். ஒஹாயோவில் எங்கள் நில அளவை அலுவலகத்துக்கு அவன்தான் முதலாளி.

"லோர்னா, இந்தப் புது சாட்பாட்ட நம்ம தொழில் கேள்வியா கேட்டுப் பாரு. தேறிடுச்சுன்னா பசங்க உனக்கு போன் பண்ண வேணாம், இதையே கேட்டுக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தாறு வருடமாகக் களத்துச் சந்தேகமெல்லாம் என்னிடம்தான் வரும்.

"என்னைய வீட்டுக்கு அனுப்ப நானே பரீட்சை வைக்கணுமா?"

"அட, கோவிச்சுக்காத. டோனட் வாங்கித் தரேன்."

டோனட்டாம்! இதை மண்ணைக் கவ்வ வைக்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன்.

பழைய பத்திரத்தில் எல்லை ஓக் மரம் என்றிருக்கிறது, எழுதியிருக்கும் தூரமோ மரத்தைத் தாண்டுகிறது, எது செல்லும் என்று கேட்டேன். மரம்தான் என்றது. சரிதான். ஆனால் ஆதாரமாக ஒரு தீர்ப்பைப் பக்க எண்ணோடு சொன்னது. தேடினேன், அப்படி ஒரு தீர்ப்பே கிடையாது. புளுகுமூட்டை! எனக்கு ஒரே குஷி.

அடுத்தது பொறி. எங்கள் தொழிலில் அடி என்ற அளவு இரண்டு வகை. பழைய அளவை அடி, புதிய அடியைவிட மயிரிழை நீளம். பத்து லட்சம் அடிக்கு இரண்டடி வித்தியாசம் வந்துவிடும். கத்துக்குட்டிகள் எல்லாரும் இதில் விழுவார்கள். மேசையில் கிடந்த பாலத்து வேலைத் தாளிலிருந்தே, எங்கோ தொலைவில் உள்ள மூலப்புள்ளியிலிருந்து தூண் வரைக்குமான தூரத்தை மீட்டரில் எடுத்துப் போட்டு, "அடியில் சொல்" என்றேன்.

"எந்த அடி?" என்று கேட்டது. "பழைய அளவை அடியா, புதிய அடியா? இந்த எண்ணுக்கு மூன்று அடி வித்தியாசம் வரும்."

பரவாயில்லையே என்று சிரித்தபடி தாளைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. நேற்று நானே மீட்டரிலிருந்து அடிக்கு மாற்றி எழுதிய எண், புதிய அடியில் இருந்தது. பாலத்து வரைபடத்தின் மூலையிலோ பொடி எழுத்தில் 'பழைய அளவை அடி' என்று போட்டிருந்தது. என் எண்ணை நம்பித்தான் எங்கள் களத்துப் பையன் கர்ட்டிஸ் காலையில் தூண் வரும் இடத்தில் அடையாள முளை அடித்திருந்தான். துளை போடும் வண்டி இரண்டு மணிக்கு வரும். மணி ஒன்றே முக்கால்.

கர்ட்டிஸை மட்டும் கூப்பிட்டு, முளையை மூன்றடி நகர்த்தச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. நினைக்கத்தான் செய்தேன். வெட்கமாக இருந்தது.

"கேரி! பாலத்துல துளை போடுறத நிறுத்தச் சொல்லு. முளை மூணு அடி தள்ளியிருக்கு. என் தப்பு."

அவன் ஓடி வந்தான். "நீயா? எப்படிக் கண்டுபிடிச்ச?"

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? அது எந்த அடின்னு கேட்டுச்சு. நான் கேக்கல."

அவன் போனை எடுத்து வண்டியை நிறுத்தினான். பிறகு தயங்கினான். "அப்ப... இது பாஸா?"

"இல்லாத தீர்ப்பச் சொல்லுது, அதையும் எழுதிக்கோ. ரெண்டையும் எழுது."

என் போன் அடித்தது. கர்ட்டிஸ்.

"லோர்னா, வண்டிய நிறுத்திட்டாங்களே! புது எண்ணச் சொல்லு, முளைய மாத்திடறேன்."

"சொல்றேன்டா. அதுக்கு முன்னால, எந்த அடின்னு என்னையக் கேளு."