முப்பத்தைந்து பல்

எல்லாம் சரி என்று சொல்வதில் ஸெய்னுதீனை மிஞ்ச ஆளில்லை. திருகோணமலை உட்துறைமுக வீதியில் கராஜ் போட்டு இருபது வருசம். வேலை முடிந்த கையோடு அவர் வாயில் வருவது அந்த வார்த்தைதான். இன்றைக்கு அதுவே அவர் கழுத்தைப் பிடித்திருந்தது.

வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். கையில், வேகமீற்றர் கம்பியின் நுனியில் மாட்டும் சின்னப் பிளாஸ்டிக் பல்சக்கரம். மூன்று தரம் எண்ணிவிட்டார். முப்பத்தைந்து பல். இந்த வேனுக்கு இருபத்தெட்டு இருக்கவேண்டும். பல் கூடினால் கம்பி மெதுவாகச் சுற்றும், மீற்றர் குறைத்துக் காட்டும். ஐம்பதில் போகிறவனுக்கு நாற்பது என்று சொல்லும்.

கியர்பெட்டி மாற்றினால் பழைய பெட்டியின் சக்கரத்தைக் கழற்றிப் புதியதில் போடவேண்டும். நேற்று வேலைக்கு வந்தவனுக்கும் தெரியும். ஆனால் இந்த வேனுக்குப் பெட்டி மாற்றிய அன்று வெள்ளிக்கிழமை. பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகைக்கு வாங்கு சொல்லிவிட்டார்கள். "எல்லாம் சரி, எடுத்திட்டுப் போ" என்று சாவியை நீட்டிவிட்டு ஓடினார். பழைய சக்கரம், ஆணி திருகு போட்டுவைக்கும் பால்மா ரின்னுக்குள் கிடந்தது.

பத்தாம் நாள் அந்த வேன் ஒரு பள்ளிக்கூட வாசலில் பூரணி என்ற ஒன்பது வயசுப் பிள்ளையை அடித்தது. உயிர் தப்பியது பெரும் புண்ணியம். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்துபோனது.

"நானா, என்ன மாதிரி?" வேன்காரன் இக்னேசியஸ் வெளியே நின்று கேட்டான். ஊரில் எல்லாருக்கும் ஸெய்னுதீன் நானா, மூத்த அண்ணன். "பள்ளிக்கூடத்தடியில நாப்பது எண்டு போர்ட் இருக்கு. நான் நாப்பதிலதான் வந்தனான். பொலிஸ்காரர் றோட்டில டயர் இழுபட்டதை அளந்துபோட்டு அம்பது எண்டு எழுதிட்டினம். எல்சிகூட என்னோட கதைக்கிறாள் இல்ல. கட்டின மனுசியே நம்பாட்டி வேற ஆர் நம்புவினம்? நாளைக்குக் கோட்டில வழக்கு. மீற்றர் பிழையெண்டா சொல்லுங்கோ நானா. எனக்கு வேற ஒண்டும் இல்ல."

ஸெய்னுதீன் மனசுக்குள் கணக்குப் போட்டார். சொன்னால் அந்தப் பிள்ளையின் கால் முறிந்த பழி தன் தலையில் விழும். பொலிஸ் வரும், கராஜுக்குப் பூட்டு வரும், ஊர்வாயை மூட உலைமூடியும் இல்லை. பயம் மனிசனை என்னவும் செய்யவைக்கும். ரின்னை இழுத்தார். இருபத்தெட்டுப் பல் சக்கரத்தைப் போட்டு இறுக்கினார். மற்றதைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"ஓடிப் பார்ப்பம்" என்றார்.

கண்டி வீதியில் கிலோமீற்றர் கல்லுக்குக் கல் ஓடினார்கள். முள் அறுபதில் நின்றால், ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குச் சரியாக ஒரு நிமிசம் பிடிக்கவேண்டும். ஸெய்னுதீன் ஓட்ட, இக்னேசியஸ் போனில் நேரம் பார்த்தான். அறுபது செக்கன். திரும்பி ஓடினார்கள். அப்போதும் அறுபதுதான்.

"மீற்றர் சரி" என்றான் இக்னேசியஸ்.

ஸெய்னுதீன் வீதியைப் பார்த்தபடி ஓட்டினார்.

"அப்ப நான்தான் நானா. முள்ளு நாப்பதில நிண்டதை இந்தக் கண்ணால பார்த்தனான். அதுவும் பொய். மாதா மேல சத்தியம் பண்ணிப்போட்டன். நாளைக்குக் குற்றத்தை ஒத்துக்கொள்ளுறன். அந்தத் தாயின்ர காலில விழுறன்."

அவன் அழவில்லை. வேறு ஆரோ ஒருவனுடைய கையைப் பார்ப்பதுபோல் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அழுதிருந்தால்கூட ஸெய்னுதீன் தாங்கியிருப்பார். வேனை ஓரங்கட்டினார். பைக்குள் இருந்ததை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"எண்ணு."

"என்ன நானா இது?"

"பல்லை எண்ணு."

விரலால் தடவித் தடவி எண்ணினான். "முப்பத்தஞ்சு."

"இருபத்தெட்டு இருக்கோணும். நான் மாத்த மறந்தது. சித்த முந்தி உனக்குத் தெரியாம மாத்தினனான். வேனில இருந்த சாட்சியை நானே கழட்டிட்டன். இனி என்ர வாய்தான் உனக்கு மிச்சம். நான் கோட்டுக்கு வாறன், இக்னேசியஸ். வந்து சொல்லுறன்."

இக்னேசியஸ் சக்கரத்தைப் பொத்திப் பிடித்தான்.

"ஒம்பது மணிக்கு" என்றான். "அதுக்கிடையில இதையும் மறந்திடுவீங்களோ, நானா?"