ஊசியக்காவின் ஆள்காட்டி விரல்

பரிசோதனைக் கூடத்துக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஊசியக்கா. பதினெட்டு வருஷமாக அதே நாற்காலி, அதே ஜன்னல். மற்றவர்கள் ரத்தக்குழாயைக் கண்ணால் தேடுவார்கள். இவள் கண்ணை மூடிக்கொண்டு, முழங்கை மடிப்பில் வலது ஆள்காட்டி விரலை வைப்பாள். கொழுத்த கையோ, படுக்கையில் கிடந்து வற்றிய கையோ, அந்த விரல் ஏமாந்ததே இல்லை. அதுதான் போன வருஷம் மரத்துப்போனது.

மணிக்கட்டுக்குள் நரம்பு அமுங்கிக் கிடக்கிறது, கீறி இடம் கொடுத்தால் சரியாகும் என்றார் மருத்துவர். அறுவை சிகிச்சை என்னவோ அரை மணி நேரம்தான். அதற்குப் பின் வந்த ஆறு வாரம்தான் அவளைப் படுத்தி எடுத்தது. தலை பின்ன மகள், பாட்டில் மூடி திறக்கக் கணவர். சும்மா இருந்து பழகாத மனுஷிக்கு அதைவிடப் பெரிய தண்டனை உண்டா? வலி போயிற்று, தையலும் ஆறியது. விரல் நுனி மட்டும் வேறு யாருடையதோ போல இருந்தது.

மகளின் தலைமுடி ஒன்றை மேஜையில் வைத்து, மேலே தாளைப் போட்டு, கண்ணை மூடித் தடவிப் பார்ப்பாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கற்ற பயிற்சி அது. அன்றைக்கு ஐந்து தாளுக்கு அடியில் கிடந்த முடியையும் பிடித்துவிடுவாள். இப்போது ஒரு தாளுக்கே திண்டாட்டம்.

"இன்னும் எத்தனை முடிம்மா பிடுங்குவ? அப்பாகிட்ட கேளேன்" என்று மகள் அலுத்துக்கொண்டாள்.

"அவர்கிட்ட இருக்கிறதே நாலு. அதையும் கேட்டா மனுஷன் அழுதுடுவாரு."

ஆறாவது வாரம் இரண்டு தாள் வரை தேறினாள். சில நாள் அதுவும் கைகொடுக்கவில்லை. வேலைக்குப் போகலாம் என்று மருத்துவர் சொன்னபோது சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது.

"இன்னைக்கு ஒருநாள் பார்ப்போம்க்கா" என்றாள் கூடத்தின் மேற்பார்வையாளர், திரும்பிப் போன முதல் நாள் காலையில். "முடியலைன்னா டியூப்ல சீட்டு ஒட்டுற வேலைக்கு மாத்திக்கலாம். தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? நியாயமான பேச்சுதான். ஆனால் அந்த நாற்காலியை விட்டால் தன்னிடம் என்ன மிஞ்சும்?

முதல் டோக்கனுக்கு உள்ளே வந்தவர் அவள் கணவர். பஸ் ஓட்டுகிறவர், எவ்வளவு நெரிசலிலும் அசராத ஆள். ஆனால் ஊசி என்றால் காத தூரம் ஓடுவார். மகளுக்குத் தடுப்பூசி போட்ட அன்று மயங்கி விழுந்தது மகள் இல்லை.

"நீங்க எங்க இங்க?"

"சர்க்கரை பாருங்க, பாருங்கன்னு ஏழு வருஷமா என் உயிரை எடுத்தியே, இப்ப ரத்தத்தையும் எடு."

அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஸ்டியரிங் பிடித்து முறுக்கேறிய கை. ரத்தக்குழாய் கயிறு மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கிறது.

"இந்தக் கையில யார் வேணும்னாலும் எடுப்பாங்க. இதை வச்சு என் விரல் தேறிடுச்சுன்னு எப்படிச் சொல்றது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வெறும் வயித்தோட வந்திருக்கேன், சீக்கிரம் ஆகட்டும்."

கையுறை மாட்டி, மேல்கையில் பட்டையைக் கட்டினாள். பழக்க தோஷம், கண் தானாக மூடிக்கொண்டது. விரலை வைத்தாள். ரத்தக்குழாய் இருந்தது, அதில் அதிசயமில்லை. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. மெல்லிய நடுக்கம், விட்டுவிட்டு வந்தது.

கண்ணைத் திறந்து பார்த்தாள். கை ஆடாமல் அசையாமல் கிடந்தது. மனுஷன் சுவரைப் பார்த்துச் சிரித்தபடி மேற்பார்வையாளரிடம் ஏதோ கதையளந்துகொண்டிருந்தார். மறுபடி கண்ணை மூடினாள். நடுக்கம் அப்படியே இருந்தது. அவர் பயத்தைப் பார்க்க யாராலும் முடியாது, அவள் விரலுக்குத் தெரிந்தது.

"பயமா இருக்கா?"

"எனக்கென்ன பயம்?"

"சரி, கையை மூடிக்குங்க."

டியூப் நிறைந்தது. பட்டையை அவிழ்த்து, ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"எப்ப குத்துவ?" என்றார், இன்னமும் சுவரையே பார்த்தபடி.

"முடிஞ்சுது. மெதுவா எந்திரிங்க."

மேற்பார்வையாளர் அடுத்த சீட்டைப் பார்த்துத் தயங்கினாள். "அக்கா, இவங்க வயசான அம்மா. போன தடவை மூணு இடத்துல குத்தியும் ரத்தம் வரலையாம். நான் எடுத்துக்கட்டுமா?"

"வேண்டாம், என்கிட்டயே அனுப்பு" என்றாள் ஊசியக்கா.