பாண்டி மாத்திரை

"வெத்தல பாக்கு எடுத்து வெச்சாச்சு, மூக்குப்பொடி எடுத்து வெச்சாச்சு. மாத்திரை டப்பா எங்கடி?" என்று ஆண்டாள் அத்தை கேட்டபோது, கவிதா அப்பாவின் காலில் கடைசிச் சொம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எந்த டப்பா அத்தே?"

"எந்த டப்பாவா? சிங்கவரம் ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா? பாண்டி மாத்திரை. அது இல்லாம உங்கப்பன் ஒரு நாளு இருந்திருக்கானா? குழியில கூட வெச்சு அனுப்பணும். அங்க போனா மட்டும் முட்டி சும்மா இருக்குமா?"

சுற்றி நின்ற பெண்களில் இரண்டு பேர் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார்கள். செல்லப்பன் சாவில் சிரிக்காமல் இருப்பது கஷ்டம்தான். உயிரோடு இருந்தவரை யாரையும் சும்மா விட்ட மனுஷர் இல்லை. ஆண்டாள் அவருக்கு மூத்தவள். தம்பியை வழியனுப்பும் சாமான்களை ஒரு மஞ்சள் பையில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"தேடிப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கவிதா உள்ளே போனாள்.

தேட வேண்டிய அவசியமே இல்லை. டப்பா அவளுடைய கைப்பையில் இருந்தது. நேற்று சாயங்காலம் நைனாவின் மூச்சு நின்றதும், அழக்கூடத் தோன்றாமல் அவள் செய்த முதல் வேலை அதை எடுத்து ஒளித்ததுதான். அந்த டப்பாவுக்குள் இருந்தது மூன்று வருஷப் பொய். அதை நைனாவோடு சேர்த்துப் புதைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

செல்லப்பனுக்கு முட்டி வலி வந்து பத்து வருஷம் இருக்கும். மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடி பிடுங்க உட்கார்ந்தவரை இரண்டு பேர் பிடித்துத்தான் தூக்கினார்கள். யாரோ ஒரு ரோஸ் நிற மாத்திரையின் பேரைச் சொன்னார்கள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. போட்ட அரை மணியில் வலி போன இடம் தெரியாது. மருந்துச் சீட்டு எதுவும் கிடையாது. காலி அட்டையைக் காட்டினால் கடையில் புது அட்டை கிடைத்தது. அப்படியே ஏழு வருஷம் ஓடிற்று. கவிதாவும் எத்தனையோ தடவை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். பெற்ற அப்பா நடமாடினால் போதாதா?

ஒரு ஆடி மாதம் அவருடைய பாதம் வீங்கியது. பிறகு முகம். பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மா அந்த ரோஸ் அட்டையை விரலால் தட்டிக் காட்டினாள். "கிட்னி பாதிக்கு மேல போயிடுச்சும்மா. மத்த காரணமும் இருக்கலாம், ஆனா வருஷக்கணக்கா இதைப் போட்டது பெரிய காரணம். இனிமே ஒண்ணுகூட வேண்டாம். இப்படியே போட்டா ஒரு வருஷம் தாங்கறதே கஷ்டம். வலி தாங்க முடியலைன்னா பாராசிட்டமால் குடுங்க. ஆறு மணி நேரம் விட்டு ஒண்ணு. ஒரு நாளைக்கு மூணு, அதுக்கு மேல இல்ல."

பஸ்ஸில் வரும்போது நைனா அந்த வெள்ளை மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது காய்ச்சல் மாத்திரை தான?"

"வலிக்கும் கேக்குமாம் நைனா."

"எனக்குக் காய்ச்சலா அடிக்குது? அந்தம்மா ஆள மாத்திப் பாத்துட்டுது."

வீட்டுக்கு வந்ததும் வெள்ளை மாத்திரை அட்டையை மாட்டுக் கொட்டகைப் பக்கம் வீசினார். நாலாம் நாள் அவருடைய தலையணைக்கு அடியில் புது ரோஸ் அட்டை இருந்தது. கவிதா கத்தினாள், அழுதாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள். எதுவும் எடுபடவில்லை. காய்ச்சல் மாத்திரை காய்ச்சலுக்கு, வலி மாத்திரை வலிக்கு. இதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

அதன் பிறகுதான் அவள் பொய் சொன்னாள். செஞ்சி பஜாரில் அவள் தங்கி வேலை பார்த்த ஜவுளிக்கடைக்குப் பக்கத்து மருந்துக்கடையில் அதே பாராசிட்டமாலை வாங்கி, அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, சிவப்பு மூடி போட்ட டப்பாவில் கொட்டினாள். 'முட்டி வலி. ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. ஒரு நாளைக்கு மூன்று மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினாள். "டாக்டரம்மா புதுசா எழுதிக் குடுத்தாங்க நைனா. பாண்டில மட்டும் தான் கெடைக்கும்" என்றாள்.

பாண்டி என்றதும் செல்லப்பன் அடங்கிவிட்டார். மாத்திரையை முழுசாக விழுங்க அவருக்கு வராது. முன்பல்லால் இரண்டாகக் கடித்து, முகத்தைச் சுளித்து, தண்ணீரைக் குடிப்பார். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு, "எம் பொண்ணு பாண்டிலேர்ந்து மாத்திரை கொண்டாருது, தெரியுமா?" என்று பீற்றிக்கொள்வார். ரோஸ் அட்டை அதோடு நின்றது. ஞாயிற்றுக்கிழமை தோறும் கவிதா பஸ் ஏறி வந்து டப்பாவை நிரப்புவாள். நிரப்பும்போதெல்லாம் ஒரு பாட்டு உண்டு. மூன்றுக்கு மேல் கூடாது, வேறு எதோடும் சேர்க்கக் கூடாது, டெங்குக் காலத்தில் ரோஸ் மாதிரி வலி மாத்திரை தொட்டால் ரத்தம் போகும், யாருக்கும், முக்கியமாக எடை தெரியாமல் குழந்தைகளுக்கு, எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்பார்.

ஒரு வருஷம் தாங்காது என்று டாக்டரம்மா சொன்ன மனுஷர் மூன்று வருஷம் இருந்தார். மூன்று மல்லாட்டை அறுப்பு பார்த்தார். அந்த வெள்ளை மாத்திரைக்கும் டாக்டரம்மாவுக்கும் கவிதா மனசுக்குள் கும்பிடு போடாத நாள் இல்லை. ஆனாலும் "வலிக்குதா நைனா?" என்று கேட்டால் "உம் மாத்திரை இருக்கறப்ப இன்னா வலி?" என்று மட்டும்தான் சொல்வார். அது நிஜமா? இல்லை, பெரிய மருந்து என்று நம்பி, வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாரா? நேற்று மதியம்கூட ஒன்று கேட்டு வாங்கிக் கடித்தார். "கசப்பு நல்லா இருக்குது" என்றார். அதுதான் அவர் அவளிடம் பேசிய கடைசிப் பேச்சு. ஏமாற்றியே அனுப்பிவிட்டோமே என்று அவளுக்கு உறுத்தியது.

"அக்கா."

செல்லப்பனைப் பெரியப்பா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வளர்மதி கதவருகே நின்றாள். அவளுடைய எட்டு வயது மகள் பூங்குழலி அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி இருந்தாள்.

"அக்கா, இத எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. பெரியப்பா உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு. இனிமே சொன்னா இன்னா?" வளர்மதி மூக்கை உறிஞ்சினாள். "ஐப்பசியில இவளுக்கு அனலா கொதிச்சுது. ஒரே மழை, பஸ்ஸும் வரல. அவரு தான் அந்த டப்பாவ எடுத்தாந்தாரு."

கவிதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கொழந்தைக்கா குடுத்தாரு? எத்தினி?"

"பாதி தான் அக்கா. அதுக்கே எவ்ளோ கேள்வி! எத்தினி கிலோ இருக்குதுன்னாரு. போன வாரம் இஸ்கூல்ல எட போட்டாங்க, இருவத்திரெண்டுன்னேன். காலைலேர்ந்து வேற மருந்து எதனா ஊத்துனியான்னாரு. இல்லன்னப்புறம் தான் ஒண்ண ஒடச்சு பாதி குடுத்தாரு. ஆறு மணி நேரத்துக்கு அடுத்தத தொடக்கூடாது, வேற வலி மாத்திரை எதுவும் கிட்ட கொண்டாரக் கூடாது, டெங்குவா இருந்தா ரத்தம் போவும்னாரு. மழ வுட்டதும் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போன்னு தொரத்துனாரு. அங்க போனா டெங்கு தான். அங்க இருந்த நர்ஸே கேட்டாங்க, யாரும்மா உனக்கு இவ்ளோ கரெக்டா சொன்னதுன்னு."

அத்தனையும் கவிதாவின் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு. கொட்டாவிக்கு நடுவில் எல்லாமே காதில் விழுந்திருக்கிறது.

"ஆனா... அது முட்டி வலி மாத்திரைன்னு தான எழுதியிருக்குது?"

"நானும் அத தான் கேட்டேன். சிரிச்சாரு. 'காய்ச்சல் மாத்திரை தான் இது. அன்னிக்கே தெரியும். கடிச்சுத் தின்னறவனுக்குக் கசப்பு தெரியாதா?'ன்னாரு."

கவிதா அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்புறம் ஏன் பெரியப்பா தெரியாத மாரி இருக்கறன்னு கேட்டேன். 'எம் பொண்ணு பாவம், ரொம்ப பாடுபட்டு இதுக்குப் பேரு வெச்சிருக்குது. தெரியும்னா அதுக்கு வெக்கமா பூடும்'ன்னாரு. வலி போவுதான்னும் கேட்டேன் அக்கா. 'ரோஸ் மாத்திரை வலிய முழுசா போக்கும், ஆளையும் சேத்துப் போக்கும். இது பாதி தான் போக்கும். மீதி பாதிய ஊரத் திட்டித் தீத்துக்கறேன்'ன்னாரு."

கவிதாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். நேற்றிலிருந்து வராத அழுகை. வளர்மதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எவ்வளவு பெரிய மனசு அந்த மனுஷனுக்கு! மூன்று வருஷமாக ஏமாற்றியது யார், ஏமாந்தது யார் என்று யோசித்தால் தலை சுற்றியது. நைனா, நீ நல்லா இருப்பே, என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். செத்தவரைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது என்று தோன்றினாலும் வேறு வார்த்தை வரவில்லை. பூங்குழலி அருகே வந்து, கவிதாவின் முகத்தைத் தன் கவுன் நுனியால் துடைத்தாள்.

வெளியே கவிதாவின் தம்பி ராஜாராம், "நேரம் ஆவுது, யாருனா எதுனா வெக்கணும்னா வெச்சுடுங்க" என்று சத்தம் போட்டான்.

கவிதா டப்பாவோடு வந்தாள். ஆண்டாள் அத்தை அதை வாங்கி ஆட்டிப் பார்த்தாள்.

"இன்னும் இருக்குதே. எனக்கு ரெண்டு எடுத்துக்கவா? இடுப்பு புடுங்குது."

"நாளைக்கு உன்ன டாக்டர் கிட்ட இட்டுனு போறேன் அத்தே. அவங்க இன்னா சொல்றாங்களோ அத வாங்கித் தரேன். இது நைனாவுது."

அத்தை டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள். புது வேட்டியில் நைனா முகம் சுளிக்காமல் படுத்திருந்தார். கவிதா அவருடைய வலது முட்டிக்குப் பக்கத்தில் டப்பாவை வைத்து, வேட்டி மடிப்பால் மூடினாள். பிறகு அவர் காதோரம் குனிந்தாள்.

"நைனா, இது காய்ச்சல் மாத்திரை. ஒரு நாளைக்கு மூணு தான்."

"இன்னாடி சொன்ன காதுல?" என்றாள் அத்தை.

"ஒண்ணுமில்ல அத்தே."

நாலு பேர் பாடையைத் தூக்கினார்கள். ஒரு பக்கம் சற்று சாய்ந்து நிமிர்ந்தபோது, வேட்டிக்குள்ளே டப்பாவில் மாத்திரைகள் உருண்டு, கலகலவென்று ஒரு சத்தம் கேட்டது.