சாக்கட்டிக் கோடு போட்ட ஆப்பிள்

என் வீட்டுக்காரர் தையல்காரர். பக்கவாதம் வந்து ஆறு மாதமாக வலது கை நடுங்குகிறது. கத்தரிக்கோலைத் தொடவே இல்லை. கடையை இன்னொருவருக்கு விட்டுவிடுவதா வேண்டாமா என்று இன்று முடிவு சொல்லியாக வேண்டும். நான்கு மணிக்குச் சாவி வாங்க ஆள் வருகிறார். இந்த மனுஷனோ காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. எனக்கு வந்ததே கோபம்!

"மோட்டுவளையைப் பாத்தது போதும். மத்தியானத்துக்குக் கோழியும் பழமும் போட்டு சாலட். நறுக்குறது உங்க வேலை" என்று கத்தியை எதிரே வைத்தேன்.

"வெறும் சாலடா? வயிறு நெறையுமா?"

"நெறையும். கோழி இருக்குல்ல."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆப்பிளை நேராக நறுக்கிவிட்டால் துணியையும் வெட்டிவிடுவார், கடை தப்பிவிடும் என்று எனக்கொரு நப்பாசை.

ஜன்னல் திரை வழியாக வந்த வெயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தது. வேகவைத்த கோழியின் ஆவி சோம்பலாக மேலே போனது. லெட்டூஸ் இலைகளைக் கழுவி உதறினேன். கடையில் புதுத்துணியை உதறி விரிக்கிற சத்தம் மாதிரியே கேட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். நீளமான மேசை, நீலத்துணி, அதன் மேல் கத்தரிக்கோல் சரக் சரக்கென்று ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, குழாயை மூடக்கூட மறந்துவிட்டேன்.

திரும்பினால், சட்டைப் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து ஆப்பிள் மேல் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்!

"ஐயய்யோ, திங்கிற பொருளுங்க!"

"தோலைச் சீவிட்டாப் போச்சு. கோடு இல்லாம எனக்கு வெட்ட வராது."

சிரித்துவிட்டேன். ஆனால் கோடே வளைந்துதான் இருந்தது. கத்தி அந்தக் கோட்டிலும் நிற்கவில்லை. மூன்று துண்டு, மூன்றும் மூன்று விதம். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கோழியை இழுத்துக்கொண்டார். விரலால் தடவிப் பார்த்தார்.

"துணி மாதிரி இதுக்கும் நூலோட்டம் இருக்கு பாரேன்" என்று இழை இழையாகப் பிய்த்தார். தயிரில் எலுமிச்சைச் சாறும் மிளகும் அடித்து, திராட்சை, மாதுளை, வெள்ளரி எல்லாம் சேர்த்துக் கிளறினேன். இரண்டு பேரும் தட்டு நிறையச் சாப்பிட்டோம்.

"சாவியைக் குடுத்துடும்மா" என்றார், மாதுளையை மென்றுகொண்டே. "மூணு துண்டுலயே தெரிஞ்சுபோச்சு. ஊரார் துணிய இந்தக் கையால கெடுக்கக் கூடாது."

கத்தியை நானேதானே கொண்டுபோய்க் கொடுத்தேன், பாவி!

ஆள் வந்தார். வாசலிலேயே சாவியைக் கொடுத்துவிட்டு, அழுத முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். என் வீட்டுக்காரர் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கும் நானே நறுக்குறேன். ரெண்டு ஆப்பிள் கூடுதலாவே வாங்கு" என்றார். "கெட்டாலும் நம்மளதுதானே, தின்னுக்கலாம்."