பீரங்கிக்குக் கிடைத்த கப்பல்

லண்டனிலிருந்து வந்த பதிலை மிஸஸ் டூலனிடம் வாசித்துக் காட்ட மேயர் என்னைத்தான் அனுப்பினார். தானே போக அவருக்குத் தைரியம் இல்லை. நான் லோர்னா பெட்ரி, ஹார்க்னஸ் நகரமன்றத்தில் டைப் அடிப்பவள். ஜெர்மன்காரர்களோடு போர் முடிந்த பிறகு எங்கள் ஊரிலிருந்து தலைநகர் வெலிங்டனுக்குப் போன கடிதங்கள் எல்லாம் என் கையால் அடித்தவை. வெலிங்டன் அவற்றை லண்டனுக்கு அனுப்பும். லண்டன் யோசித்து, பல மாதம் கழித்து, இல்லை என்று சொல்லும்.

பிரிட்ஜெட் டூலன் நிலக்கரிச் சுரங்கத்து ஆட்களுக்குத் தங்கும் விடுதி நடத்தினார். கணவர் சுரங்கம் சரிந்து செத்தவர். ஒரே மகன் கோனல், அம்மாவுக்குக் கோனி, பெல்ஜியத்தில் குண்டடிபட்டுச் செத்தான். புதைத்த இடம் தெரியும். அவனைத் தோண்டி எடுத்து ஊருக்குக் கொண்டுவர வேண்டும், அப்பா பக்கத்தில் புதைக்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

சமையலறையில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. அவர் உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தவில்லை.

"படி."

படித்தேன். மன்னரின் அரசாங்கம் தாயின் துயரத்தில் பங்குகொள்கிறது. ஆயினும் வீழ்ந்தோர் யாவரும் வீழ்ந்த மண்ணிலேயே தோழர்களுடன் துயில்வதே உகந்தது எனக் கருதுகிறது.

"துயில்றானாமா? அவன் தூங்கறப்போ எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியும். இவனுங்களுக்கு என்ன தெரியும்? சரி, நம்ம ஆளுங்க அவங்ககிட்ட எப்படிக் கேட்டாங்க? அதையும் படி."

வெலிங்டன் எழுதியதன் நகலும் உறைக்குள் இருந்தது. அதைப் படிக்கக் கூச்சமாக இருந்தது. தங்கள் முடிவுக்கு இந்த அரசாங்கம் முழு மனதுடன் உடன்படுகிறது. எனினும் ஒரு தாயின் விண்ணப்பத்தைத் தங்கள் பார்வைக்கு அனுப்புகிறது.

கத்தி நின்றது.

"கேக்கறதுக்கு முன்னாடியே சரின்னு சொல்லிட்டானுங்களா? இதுக்குப் பேரு கேக்கறதா லோர்னா? கோனி போறப்போ ரயிலடியில வந்து தோள்ல தட்டிக் குடுத்தாங்களே, இவங்கதானே?"

நான் தாள்களை மடித்து உறைக்குள் வைத்தேன்.

அடுத்து அவர் இன்னும் சின்னதாக ஒன்று கேட்டார். கல்லறைக் கல்லில் 'அம்மாவின் கோனி' என்று ஒரு வரி. இந்த முறை லண்டனைத் திட்ட வழியில்லை. மன்னரின் கீழிருந்த மற்ற நாட்டுக் குடும்பங்கள் கல்லில் ஒரு வரி பொறித்துக்கொள்ள லண்டன் விட்டிருந்தது. எங்கள் வீரர்களுக்கு மட்டும் வேண்டாம் என்று முடிவெடுத்தது வெலிங்டன். எல்லாக் கல்லும் ஒன்றுபோல இருக்க வேண்டுமாம். இதைக் கேட்டபோது மிஸஸ் டூலன் கத்தவில்லை. என் கையிலிருந்து கடிதத்தை வாங்கி அடுப்பில் போட்டுவிட்டு, ஆட்களுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கப் போனார்.

அதே மாதங்களில் நான் இன்னொரு விஷயத்துக்கும் கடிதம் அடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பட்டாளம் பிடித்த ஜெர்மன் பீரங்கி ஒன்று மேயர் ஆல்ட்ரிட்ஜுக்கு வேண்டியிருந்தது, நகரமன்ற வாசலில் நிறுத்த. லண்டன் அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளப் பார்த்தது. இங்கேதான் வெலிங்டனுக்குத் திடீரென்று முதுகெலும்பு முளைத்தது. எங்கள் பிள்ளைகள் இரத்தம் சிந்தி வென்றதை வேறு யாரும் வைத்துக்கொள்ள இந்த நாடு ஒருபோதும் சம்மதிக்காது என்று எழுதியது. மறுபடி எழுதியது. தந்தி அடித்தது. லண்டன் இறங்கி வந்தது. கப்பலில் இடம் கிடைத்தது.

பீரங்கி வந்து இறங்கிய காலை ஆற்றுத் துறைமுக மேடையில் பேண்டு வாத்தியம், பள்ளிப் பிள்ளைகள், கொடிகள். மகனை இழந்த தாய்மார்களுக்கு முன்வரிசை. மிஸஸ் டூலன் கையால் துணியை விலக்க வைக்க வேண்டும் என்பது மேயரின் யோசனை. வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார், கறுப்பு உடுப்பில்.

துணியை விலக்கினார். பழுப்பும் பச்சையுமாகப் பெயின்ட் அடித்த பீரங்கி. சக்கரத்தில் இன்னும் போர்க்களத்து மண் ஒட்டியிருந்தது. அவர் அதை விரலால் சுரண்டி எடுத்துப் பார்த்தார்.

"மேயரே, இது எவ்வளவு கனம்?"

"ரெண்டு டன்னுக்கு மேல இருக்கும், மிஸஸ் டூலன்," என்றார் மேயர் பெருமையாக.

"என் பையன் ஒல்லி. இதுல ஒரு சக்கரத்தோட கனம்கூட வரமாட்டான். அவனைச் சுட்டது உலகத்தைச் சுத்திக் கப்பல்ல வருது. அவனுக்கு இடமில்லையா?"

"இது அவங்க ஞாபகமா…"

"ஞாபகப்படுத்த எனக்கு இரும்பு வேணுமா? நீ துணிக்கடை வச்சிருக்க, ஆல்ட்ரிட்ஜ். உன் பையன் கல்லாவுல உக்காந்திருக்கான். தினமும் பாத்துக்கற. இதையும் நீயே பாத்துக்க!"

சொல்லிவிட்டுத் தோளைச் சக்கரத்தில் கொடுத்து ஆற்றுப் பக்கம் தள்ளினார். அறுபதை நெருங்கும் பெண். அது அசையவில்லை. யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பியது. குனிந்து, சக்கரத்துக்கு அடியில் வைத்திருந்த கட்டையை இழுத்துப் போட்டேன். முன்வரிசையிலிருந்து மிஸஸ் ரேவன்ஹில் எழுந்தார். அவருக்கு இரண்டு பிள்ளைகள் போயிருந்தார்கள். அவர் பின்னாலேயே மற்ற தாய்மார்கள். பிறகு விடுதியில் சாப்பிடும் சுரங்கத்து ஆட்கள், தொப்பியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு.

"விலகுங்க! சட்டப்படி இது அரசாங்கச் சொத்து!" என்று கான்ஸ்டபிள் கத்தினார்.

"அப்போ அரசாங்கத்தை வந்து எடுத்துக்கச் சொல்லு," என்றார் மிஸஸ் ரேவன்ஹில்.

மேடையின் விளிம்பு மரத்தை உடைத்துக்கொண்டு பீரங்கி ஆற்றுக்குள் போனது. தெறித்த தண்ணீரில் பேண்டுக்காரர்கள் நனைந்தார்கள். யாரும் கைதட்டவில்லை. மிஸஸ் டூலன் மூச்சு வாங்க நின்று, பழுப்புத் தண்ணீர் சமனாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பீரங்கி நல்லபடியாக நிறுவப்பட்டதா என்று வெலிங்டன் கேட்டு எழுதியது. லண்டனுக்கும் தெரிவிக்க வேண்டுமாம். மேயர் முகம் சிவக்க எனக்குச் சொல்லச் சொல்ல அடித்தேன்: இறக்கும்போது நேர்ந்த விபத்தில்…

கதவைத் தட்டாமல் மிஸஸ் டூலன் உள்ளே வந்தார். என் தோளுக்கு மேல் குனிந்து படித்தார்.

"விபத்தா? எது விபத்து? நான் தள்ளினேன்னு எழுது. பிரிட்ஜெட் டூலன், கோனல் டூலனோட அம்மான்னு எழுது. எங்க ரெண்டு பேர் பேரும் லண்டன் வரைக்கும் போகட்டும்."

"உங்களைக் கோர்ட்டுக்கு இழுப்பாங்கம்மா," என்றார் மேயர். குரல் இறங்கியிருந்தது.

"இழுக்கட்டும். அங்கேயாவது என்னை யாராவது கேள்வி கேப்பாங்க."

நான் தாளை உருவிவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருகினேன். அவர் சொன்னபடியே அடித்தேன். மேயர் நெடுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

கோர்ட்டுக்கு யாரும் இழுக்கவில்லை. ஒரு தாயைக் கூண்டில் ஏற்றினால் பத்திரிகைகள் சும்மா இருக்காது என்று வெலிங்டன் பயந்திருக்கும். அந்தக் கடிதத்துக்கு மட்டும் எந்த ஊரிலிருந்தும் பதில் வரவில்லை. மிஸஸ் டூலன் பெல்ஜியத்தைப் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்தார். சுரங்கத்து ஆட்கள் அவரைக் கணவர் பக்கத்தில் புதைத்தார்கள். மறுபக்கம் ஓர் ஆள் படுக்கும் இடத்தை விட்டுவிட்டு அதற்கப்புறம்தான் வேலி போட்டார்கள்.